சக்கர் மீன் ஒட்டிய இடம்

தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசியை வட்டம் வட்டமாகத் தின்னும் சக்கர் மீனை, பேச்சிராஜ் விரல் நீளத்தில்தான் வாங்கிவந்தான். முழங்கை நீளம் வளர்ந்து, திரும்ப இடமில்லாமல் கிடந்ததை மண்ணூர் ஏரியில் விட்டான். “அங்கன பொழச்சுக்கிடும்ல,” என்று அறைத்தோழன் அய்யாத்துரையிடம் சொல்லிவிட்டு, காலித் தொட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது, மூன்றாம் மாடி ஜன்னலில் படிந்த லாரிப் புழுதியில் ஒரு சின்ன வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. வெளிப்பக்கத்தில். அடுத்த நாள், அறைக்குள் முகம் பார்க்கும் கண்ணாடியில். அதற்கடுத்த நாள், ஆணியில் மாட்டியிருந்த அவன் ஹெல்மெட்டில். தொட்டால் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை, மீனைத் திரும்ப எடுத்துவர வாளியோடு ஏரிக்கு ஓடினான். வலைக்காரர் தணிகாசலம் கரையில் கொட்டியிருந்த குவியல் முழுக்கச் சக்கர் மீன்கள்.

“வலை போட்டா இதாம்பா வருது. இதுல எது உன்னுது?”

பேச்சிராஜுக்குத் தெரியவில்லை. காலி வாளியோடு திரும்பியவன் முகம்கூடக் கழுவாமல் படுத்துவிட்டான்.

எழுந்தபோது அய்யாத்துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏல, மூஞ்சியெல்லாம் புழுதியா இருக்கு. கன்னத்துல மட்டும் வட்டமா யாருல தொடச்சது?”