எல்லாமே பழசு

பதுளைப் பழைய கார் கண்காட்சியில், இறக்கத்தைப் பார்த்து நின்ற அந்தக் காலத்துத் தோட்டத் துரை ஒருவரின் காரின் முன்னால் நடுவர் விஜேந்திரனும் வாங்க வந்த ஜெசிந்தனும் விலை பேசினார்கள்.

"இருபது லட்சம் பெறும்," என்றார் நடுவர்.

"எஞ்சின் மாத்தினதுன்னா பத்துக்கும் பெறாதுங்க."

சொந்தக்காரன் ஞானசீலனுக்கு வியர்த்தது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். அவன் கண் நடுவரின் கால் சப்பாத்தை விட்டு நகரவில்லை.

"நிமிந்து பாருங்க தம்பி. எதை மாத்துனீங்க?" என்றார் நடுவர்.

"ஒண்ணும் மாத்தல சேர். எல்லாமே பழசு."

"அப்ப ஏன் இப்படி வேர்க்குது?"

"ஹேண்ட்பிரேக்கும் பழசு சேர், பிடிக்காது. கியரும் நழுவும். பேசிக்கிட்டே நீங்க காலால தட்டுற, டயருக்கு வச்ச அந்தக் கல்லுதான் காரை நிப்பாட்டி வச்சிருக்கு."

சப்பாத்து அந்தரத்தில் நின்றது.