நாள் பார்த்து எழுதிய தேர்வு

“பசுமைக் கட்டடப் பரீட்சைய மூணாவது தடவையாத் தள்ளிப் போட்டிருக்கியே, ஏம்மா? உனக்குப் பாடமெல்லாம் தலைகீழாத் தெரியுமே” என்றார் மேலாளர்.

“தெரியும் சார். தேதிதான் சரியா அமையல.”

“வெயிலையும் மழைத்தண்ணியையும் கணக்குப் போட்டுக் கட்டடம் கட்டுற இன்ஜினியர், நல்ல நாள் பாக்குறியா?”

அவள் சிரித்து மழுப்பினாள். பாஸானால்தான் புது மருத்துவமனைக் கட்டட வேலை அவள் கைக்கு வரும். ஆனாலும் தேர்வு மையத்துக்குப் போன் போட்டு விசாரித்த பிறகே புதன்கிழமைக்குப் பதிவு செய்தாள்.

புதனன்று மைய வாசலில் நடுத்தர வயதுப் பெண் கண்காணிப்பாளர் ஒவ்வொருவராகச் சோதித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தது. கண்காணிப்பாளர் அவளுடைய சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அந்த விரல்கள் பட்டதும் அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“அடையாள அட்டை குடுங்க.”

கண்காணிப்பாளர் அவள் பெயரைப் படித்தார். கீழே இருந்த அப்பா பெயரையும் படித்தார். பிடித்த கையை விடவில்லை.

“என்னைப் பாக்கவா வந்தே?”

“பரீட்சை எழுதத்தான். உங்களுக்கு டூட்டி இருக்கற நாளாப் பாத்து வந்தேன்.”

வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முடிச்சதும் சொல்லாமப் போயிடாதே.”

மூன்று வயது மகளைத் தூங்கவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போன அம்மா சொன்னாள்.

“எழுதிட்டு வர்றேம்மா” என்றாள் மகள்.