ராத்தலுக்கு நாற்பது குண்டு

“ராத்தலுக்கு நாற்பது குண்டு” என்று சொன்னபோது துப்பாக்கிக் கொல்லன் ஹைரம், புதுத் துப்பாக்கி செய்யச் சொல்லி வந்த லெமுவலின் முகத்தைப் பார்க்கவில்லை. உலையோரம் காலியாகக் கிடந்த ஈயச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லெமுவலுக்கு அப்போதே சுருக்கென்றது.

“நாற்பதா? என் பழைய துப்பாக்கிக்கு ஒரு ராத்தல் ஈயத்துல நூறு குண்டு வார்ப்பேன் அண்ணே. நாற்பதுன்னா ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு மாதிரியில்ல இருக்கும்?”

“இருக்கட்டுமே. உன் பட்டாணிக் குண்டைக் காத்து தள்ளிக்கிட்டுப் போகுது. கனமான குண்டுதான் நேராப் போகும். குழலும் கனமா இருக்கணும் தம்பி. ஒண்ணேகால் அங்குலப் பருமன், நாற்பத்திரண்டு அங்குல நீளம். கட்டை மேல சாத்தி வெச்சுத்தானே சுடப்போறே, தூக்கிக்கிட்டு ஓடவா போறே?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் லெமுவலுக்கு இன்னும் உறுத்தியது. மாட்டிறைச்சியைப் பரிசாக வைத்து வருஷா வருஷம் நடக்கும் குறிசுடும் போட்டியில் ஹைரமும் சுடுகிறவன். கூடச் சுடுகிறவனுக்கு நல்ல துப்பாக்கி செய்துகொடுக்க எவனுக்கு மனசு வரும்?

கூலியாக அவன் கேட்டதோ லெமுவலின் ஒரே கன்றுக்குட்டி. வீட்டில் ஐந்து வாய். பன்றிகள் எல்லாம் நோயில் போய்விட்டன. கன்றையும் கொடுத்துவிட்டுப் போட்டியிலும் தோற்றால், கம்பர்லாந்து மலையில் பனிக்காலம் முழுக்க வெறும் சோளக் கஞ்சிதான்.

போட்டியில் முதல் நாலு பேருக்கு மாட்டின் நாலு கால் பங்குகள். ஐந்தாவது ஆளுக்குத் தோலும் கொழுப்பும். ஆறாவது ஆளுக்கு, குறிப்பலகை சாத்திய மரத்தில் புதைந்த குண்டுகள். அந்த ஆறாம் பரிசை வாங்குகிறவனை ஊரே ஓட்டித் தள்ளும்.

“மூணு வருஷமா ஆறாவதா வர்ற மனுஷன் எனக்குப் புத்தி சொல்றாரு” என்று மனைவி கெசையாவிடம் பொருமினான் லெமுவல்.

“நீங்க எத்தனாவதா வந்தீங்க?” என்றாள் அவள். லெமுவல் கன்றை அவிழ்த்து ஓட்டிப் போனான்.

துப்பாக்கி தயாரானதும் குழலுக்குள் நூலை இழுத்துக் கட்டி வெளிச்சத்தில் பார்த்தான். கோணல் இல்லை. இன்னொரு தரம் பார்த்தான்.

“என்ன தம்பி, உள்ளே பாம்பு கீம்பு இருக்கா?” என்று ஹைரம் சிரித்தான். ஒரு குறையும் அகப்படாததில் லெமுவலுக்குத் தூக்கமே கெட்டது.

போட்டியன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். அதில் முப்பது பேர் தோளில் ஹைரம் செய்த தடித்த குழல்கள். ஹைரமின் கோவேறு கழுதையிலோ துப்பாக்கியோடு ஒரு கோடரியும் தொங்கியது.

“சுடுற இடத்துல கோடரி எதுக்கு அண்ணே?”

“குளிருதில்ல? விறகு வெட்டத்தான்.”

விறகு ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடந்தது. லெமுவல் கோடரி மேல் ஒரு கண் வைத்துக்கொண்டான்.

காலை முழுக்க எல்லோரும் அதே குறிமரத்தில் கைப்பழக்கத்துக்குச் சுட்டார்கள். “இன்னும் பத்து சுடு தம்பி, கை பழகட்டும்” என்று ஹைரம் ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுத்தான். கையை ஓயவைக்கப் பார்க்கிறான் என்று லெமுவல் பல்லைக் கடித்தான்.

போட்டிக்கு ஆளுக்கு மூன்று குண்டு. அறுபது கஜம். நல்ல காற்று. பழைய துப்பாக்கிக்காரர்களின் சின்னக் குண்டுகள் விலகிப் போயின. லெமுவலின் மூன்றாவது குண்டு, பலகையில் கீறிய பெருக்கல் குறியின் நடுவையே பிய்த்தது. அவனுக்கு நம்பவே முடியவில்லை.

எப்போதும்போல ஹைரம் கடைசி ஆள். மற்றவர்களின் பலகைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்து நிதானமாகச் சுட்டான். இரண்டு குண்டு எங்கோ போயின. மூன்றாவது பட்டது.

நடுவர் அளந்தார். ஐந்தாவது ஆளுக்கு மயிரிழையாக அரை நூல் பின்னால். அடுத்தவனுக்கு அரை நூல் முன்னால்.

“மறுபடியும் ஆறு! ஈயப் பிரபு வாழ்க!” என்று கூட்டம் கூத்தடித்தது.

லெமுவலுக்குப் பின்னங்கால் பங்கு, முதல் பரிசு. அதைத் தன் கழுதையில் ஏற்றும்போது வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட மனுஷனையா சந்தேகப்பட்டோம்? நேரே மரத்தடிக்குப் போனான். ஹைரம் அந்தக் கோடரியால் மரத்தைக் கொத்திக் குண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

“உங்களைத் தப்பா நினைச்சிட்டேன் அண்ணே, மன்னிச்சிருங்க. துப்பாக்கி தங்கம். வேணும்னா நான் உங்களுக்குக் குறி பார்க்கக் கத்துத் தரட்டுமா?”

உதவியாக இருக்கட்டும் என்று சாக்கை ஒரு கையால் தூக்கினான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

“பார்த்து, தம்பி. எல்லாம் நாற்பது குண்டு ஈயம். மலையைத் தாண்டி ஈயம் வந்து எட்டு மாசமாச்சு. இதை உருக்கினாத்தானே அடுத்த வருஷம் உங்களுக்குக் குண்டு விக்க முடியும்?”

லெமுவல் சாக்கைப் பார்த்தான். கோடரியைப் பார்த்தான். பிறகு, ஐந்துக்கும் ஏழுக்கும் சரியாக நடுவில் விழுந்த அந்த அரை நூல் நினைவுக்கு வந்தது.

ஹைரம் முதல் தடவையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தான்.

“முதல்ல வர்றது என்ன பெரிய விஷயம்? ஒருதரம் ஆறாவதா வந்து காட்டு, பார்ப்போம்!”