ஷோகேஸ் சாமான்

இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது. ராஜாங்கம் சின்னசேலம் மண்டியில் சோளத்தைப் போட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் கச்சிராயபாளையம் திரும்புவான். அதற்குள் அவன் மனைவி அம்சவள்ளி ஷோகேஸ் சாமான்களை வெளியேற்றிவிட வேண்டும்.

ஷோகேஸைத் திறந்தாள். அன்னம், குதிரை, உள்ளே பூ வைத்த உருண்டை, மீன் வடிவ அத்தர் குப்பி. மொத்தம் நாற்பத்திரண்டு கண்ணாடிப் பொருட்கள். மாமனார் ஜவ்வரிசி லோடு ஏற்றி வடக்கே போன ஒவ்வொரு தடவையும் ஒன்று வாங்கி வந்திருந்தார். கடைசி லோடு, லாரியும் அவருமாக, கோதாவரி வெள்ளத்தில் போனது. மேலே, மாலை போட்ட படத்தில் அடர்ந்த மீசையும் கூலிங்கிளாஸுமாக இருந்தார். அவள் பார்த்த மாமனார் அவ்வளவுதான்.

மாமியார் குஞ்சம்மாள் இருபத்து மூன்று வருடம் அவற்றைத் துடைத்து வைத்தாள். சித்திரையில், துடைக்கும்போதே ஸ்டூலிலிருந்து விழுந்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒடைக்காம யாருக்காவது குடுத்துடு என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மகனுக்கு வேறு கணக்கு. “அம்மாவக் கொன்னதே இதுங்கதான். நான் வரப்போ இங்க இருந்திச்சின்னா ஒலக்கைய எடுத்துக்குவேன்” என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சொன்னால் செய்வான்.

காலையிலேயே பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்திருந்தாள். சாவு விழுந்த வீட்டுச் சாமான் என்று யாரும் தொடவில்லை. போனில் படம் போட்டதற்கு ஒரே ஒருவர்தான் கூப்பிட்டார். எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஒன்றைக்கூடத் தனியாகக் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்று மணிக்கு வருகிறேன் என்றவர் நாலே முக்காலுக்கு வந்தார். அதற்குள் அவள் பதினோரு தடவை தெருவுக்குப் போய் வந்திருந்தாள்.

வெள்ளைத் தாடி. கையில் இரண்டு அட்டைப்பெட்டி. உள்ளே கூப்பிட்டாள், பரவாயில்லை என்றார். தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்றார். விலையும் பேசவில்லை. அவள் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்து வந்து தர, கீழே உட்கார்ந்து பேப்பரில் சுற்றினார்.

மீன் குப்பியின் மூடியை ஒன்பது வருடமாக அவளால் திறக்க முடிந்ததில்லை. அவர் அதை எதிர்ப்பக்கமாகத் திருகித் திறந்தார். முகர்ந்துவிட்டு மூடினார்.

“இவ்ளோ சுத்தமா யாரும்மா வச்சிக்கினு இருந்தது?”

“எங்க அத்தைங்க. செத்து முப்பத்தோரு நாளாச்சு.”

அவர் கை நின்றது. பிறகு, சுற்றி வைத்த குதிரையைப் பிரித்து மறுபடியும் சுற்றினார். அதையே இன்னொரு தடவையும்.

மணி ஐந்து ஐம்பது. உள்ளே இன்னும் பத்தொன்பது இருந்தன. கொஞ்சம் சீக்கிரம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

முனையில் பஸ் ஹாரன் கேட்டது.

“பெரியவரே, எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு. உள்ள வாங்க, ஆளுக்குக் கொஞ்சமா தூக்கிடலாம்.”

அவர் எழுந்தார். படி வரை வந்தார். ஒரு காலை எடுத்து வைக்கப் போய், கீழேயே வைத்துக்கொண்டார்.

“இன்னாங்க நின்னுக்கினு? ஒலக்கைய எடுத்துடுவாருங்க. ஒரு படிதானே, ஏறுங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“எனக்குக் கருமாதி பண்ண வூடும்மா இது. நான் உள்ள வரக் கூடாது.”