மாற்றிப்போட்ட சென்சார்

லாரி இன்ஜினின் புகைக்குழாயில் சூடு பார்க்கும் சென்சார் ஒன்று இருந்தது. "அண்ணே, கொதிக்குது, நின்னுடுங்க" என்று அது ஓயாமல் அலறியது. மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிக்கும் பட்டறை மல்டிமீட்டர் அதைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு ஒரு கோளாறும் இல்லையே" என்றது.

"அப்போ எனக்கா கோளாறு? கழற்றி எறி!" என்று சீறியது இன்ஜின்.

புதுசு வந்தது. "சில்லுன்னு இருக்கு அண்ணே" என்றது. இன்ஜின் பூரித்துப்போனது.

மீட்டர் புதியதையும் தொட்டது. உள்ளே கம்பி அறுந்து கிடந்தது; துளி உயிர்கூட இல்லை. அப்படியானால் பேசுவது யார்? மீட்டர் இன்ஜினைப் பார்த்துக் கத்தியது:

"போகாதீங்க, அது செத்தது!"

லாரி கிளம்பிவிட்டது. புகைக்குழாய் தணலாய்ச் சிவந்து சாலையில் மறையும்வரை, அந்தக் குரல் கொஞ்சலாகக் கேட்டுக்கொண்டிருந்தது: "இன்னும் வேகமாப் போங்க, அண்ணே."