யானை படுத்திருக்கு

"பன்னெண்டு பிள்ளைங்கள நடுரோட்டுல எறக்கி விட்டிருக்கீங்க. கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா உங்களுக்கு?"

தலைமை ஆசிரியையின் அறையில் அப்பா போட்ட சத்தத்தில், வாலுவுக்குக் கட்டுப் போட்ட கையைவிட முகம்தான் அதிகமாக எரிந்தது.

வாலு என்பது வகுப்பில் வைத்த பெயர். பிள்ளைகள் காரில் வந்து இறங்குவது குறையட்டும் என்று பள்ளிக்கூடமே ஒரு கயிறு ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். ஆளுக்கு ஒரு முடிச்சு. கடைசி முடிச்சு இவளுடையது, அதனால்தான் வாலு. முன்னால் பிடித்து நடத்தி வருபவர் கயிறு அத்தை. கடைசி வீட்டில் தையல் தைப்பவர், இதற்குச் சம்பளம் எதுவும் வாங்குவதில்லை. நேற்றுக் காலை ஒரு ஸ்கூட்டர் வாலுவை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

அத்தை தலை நிமிரவில்லை. "தப்புதாங்க. நடைபாதை மேல ஒரு கார் நின்னுச்சு. சுத்திப் போகத்தான் எறங்கினோம்."

"அது தினமும் நிக்குது சார்" என்றார் தலைமை ஆசிரியை. "பிள்ளைங்க அதுக்கு யானைன்னு பேரே வெச்சிருக்காங்க."

உண்மைதான். "யானை படுத்திருக்கு, எறங்குங்க" என்று முதல் முடிச்சு கத்தினால், கடைசி முடிச்சுவரை அதையே கத்திக்கொண்டு வரும். வாலுவும் கத்துவாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. இப்போது அதை நினைத்தால், தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"எவன் அவன்?" அப்பா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். எந்த இடம், என்ன கார் என்றெல்லாம் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. "நானும் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவன் மேடம். நடக்கிறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நம்பரக் குடுங்க, போலீஸ்ல சொல்லி வண்டியத் தூக்க வெக்கிறேன்."

"நம்பரக் கவனிக்கலைங்க" என்றார் அத்தை.

அது பொய் என்று வாலுவுக்குத் தெரியும். நேற்று வலியோடு அத்தை மடியில் கிடந்தபோது, அவர் காதில் அவள் ஒன்று சொல்லியிருந்தாள். அத்தை அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, சரி என்று தலையாட்டியிருந்தார்.

"தினமும் பாக்கறீங்க, நம்பர் தெரியாதா? அந்த ஆளு என்ன உங்களுக்கு ஒட்டா உறவா?" அப்பா தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "கயிறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைலேர்ந்து இவள நானே கார்ல கொண்டுவந்து விடறேன். இந்தம்மாவ நிறுத்தலைன்னா எழுத்துல புகார் குடுப்பேன்."

தலைமை ஆசிரியை அத்தையைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கம்மா. இனிமே நீங்க வர வேண்டாம்" என்றார்.

அத்தை பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அதற்குமேல் வாலுவால் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு நம்பர் தெரியும்பா."

"பாத்தீங்களா, எம் பொண்ணு." அப்பா கையிலிருந்த கார் சாவியைக் கயிற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு செல்போனை எடுத்தார். "சொல்லுடா கண்ணு."

"ஏழு... நாலு..."

அப்பா இரண்டையும் அழுத்தினார். மூன்றாவதைச் சொன்னதும் விரல் அப்படியே நின்றது. முகம் சுண்டிப்போனது.

"மிச்சத்தையும் சொல்லும்மா" என்றார் தலைமை ஆசிரியை.

"மிச்சம் அப்பாவுக்கே தெரியும் டீச்சர்" என்றாள் வாலு, கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி. "தினமும் அந்தக் கார்லதான் பார்க்குக்கு நடக்கப் போறாரு."