பதினாறாம் எண்

கடல் தாண்டி வந்து குடியிருப்பவர்களைப் பிடிக்க மத்திய அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், ஊரிலுள்ள கதவு எண் தகடுகளையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார் நகர்மன்றத் தலைவர். நகராட்சி ஊழியன் மாசிலாமணி திருப்புளியோடு தெருத்தெருவாகக் கழற்றினான். தன் வீட்டுத் தகட்டை மட்டும் விட்டுவிட்டான். பிறந்த ஊரில் தன்னை யார் தேடப்போகிறார்கள்?

மறுநாள், முகவரிகளோடு வந்தவர்கள் மதியம்வரை அலைந்தார்கள். ஊரே "தெரியாதுங்க" என்றது. கடைசியில் ஓர் அதிகாரி மாசிலாமணியின் வாசலில் நின்று தகட்டைத் தடவினார்.

"பதினாறா?"

"ஆமாங்க, என் வீடுதான். ரேஷன் கார்டு எடுத்தாரட்டுங்களா?"

"வேணாம்பா."

அதிகாரி அடுத்தடுத்த கதவுகளை விரலால் சுட்டினார். "பதினேழு... பதினெட்டு..." பத்தொன்பதில் போய்த் தட்டினார்.

அப்போதுதான் மாசிலாமணிக்கு உறைத்தது. கை தன்னையறியாமல் திருப்புளியைத் தேடியது.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

"மணி அண்ணை, நீங்கள்தானே?"